ஏறுற நம்பரு

டீ வேணாம்க்கா, வயித்தக் காலியா வச்சிருக்கச் சொல்லியிருக்காக. படுக்கவும் வேணாம், படுத்தா வலது பக்கம் சுருக்குன்டு இழுக்குது. இப்புடியே ஒக்காந்திருக்கேன். மகளுக்குச் சுகப்பிரசவமா? நல்லாருக்கட்டும். எனக்கா? எனக்குப் பிரசவம் இல்லக்கா, ஆப்ரேசன். கரு கர்ப்பப்பைக்குள்ள போகாம, அதுக்குப் போற கொழாய்க்குள்ளயே ஒட்டிக்கிருச்சு. விட்டா கொழாய் வெடிச்சு நானே போய்ச் சேந்துருவேன். மயக்க மருந்து குடுக்குற டாக்டரு வந்துக்கிட்டு இருக்காராம்.

அழுகல. ஏன் அழுகணும்? அழுக வேண்டியத எல்லாம் வீட்டுலயே அழுது முடிச்சாச்சு. இப்பக் கோவந்தான் இருக்கு.

நான் வாக்கப்பட்ட ஊரு நயினார்கோவில் பக்கம். மொளகாக் காடு. கலியாணமாகி நாலு வருசம் கழிச்சு, மெடிக்கல்ல வாங்குன அட்டையில ரெண்டு கோடு விழுந்துச்சு. அன்னைக்கே எங்க வீட்டுக்காரரு சவரம் பண்றத நிறுத்திட்டாரு. ஒங்க ஆளுகள்ல அப்புடி இல்லையா? எங்க பக்கம் பொண்டாட்டி முழுகாம இருந்தா புருசன் தாடி எடுக்கக் கூடாது, எழவு வீட்டுல பாடை தூக்கக் கூடாது. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல, எங்க வீட்டுக்காரரு வீரபத்திரன் தாடி மூஞ்சியப் பாத்தே ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு.

மொளகாப் பழம் பறிச்சுக்கிட்டு இருக்கயிலதான் ரத்தம் பட்டுச்சு. மாமியா, சூடு, வெந்தயத்த ஊறப் போட்டுக் குடின்டுச்சு. நான் கேக்கல, பஸ் ஏறி இங்கன வந்துட்டேன். ஸ்கேன்ல பைக்குள்ள ஒண்ணும் தெரியல. கலைஞ்சிருக்கலாம், இல்ல ரொம்பச் சின்னதா இருக்கலாம், ரத்தத்துல பாத்தாத்தான் சொல்ல முடியும்ன்டாக டாக்டரம்மா. இங்கன எடுத்து மதுரைக்கு அனுப்பி, மறுநாள்தான் நம்பரு வரும்.

என்ன நம்பரா? கரு ஒட்டுனதுலருந்து ரத்தத்துல ஒண்ணு சுரக்குமாம்க்கா, ஹார்மோன்டு பேரு. அந்த அட்டையும் அதத்தான் கண்டுபுடிக்குது. புள்ள நல்லா இருந்தா ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். கலைஞ்சிருந்தா பாதி பாதியா எறங்கும். ஆனா ஒரே நாள்ல எறங்காது, வாரக்கணக்காகும். அதுவரைக்கும் அட்டையில ரெண்டு கோடு விழுகத்தான் செய்யும், உள்ள ஒண்ணும் இல்லாட்டியும். எட்டாவதோட நின்னவ நான், எனக்கு வெளங்குதுல்ல?

எனக்கு ரெண்டும் இல்ல. மொத ஆயிரத்தி ஐநூறு இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு மறுக்கா எடுத்தா ஆயிரத்தி எழுநூறு. அதுக்கடுத்து ஆயிரத்தி எண்ணூத்திச் சொச்சம். ஏறுது, ஆனா ஏற வேண்டிய மாதிரி ஏறல. வரப்பு வெடிப்புல விழுந்த வெதையும் மொளைக்கத்தானக்கா செய்யுது, வேரு விட எடம் இருக்கா? இன்னைக்கு மறுபடி ஸ்கேன் பாத்தாக, கொழாய்ல இருக்குறது தெரிஞ்சுபோச்சு.

மாமியாளுக்கு ஏறுதுங்கிற ஒரு சொல்லு போதும். ஏறுனா உசுரு இருக்குன்டு அர்த்தமாம். நாகநாதருக்குத் தொட்டில் கட்டுறேன்டு நேந்தாச்சு, தெருவெல்லாம் சொல்லியாச்சு. புதுசா ஒரு அட்டை வாங்கிப் பாக்கச் சொல்லி, அதத் தூக்கியாந்து இன்னைக்கு டாக்டரம்மா மேசையிலயே வச்சுச்சு. டாக்டரம்மா படம் போட்டுக் காமிச்சாக. மாமியா படத்தப் பாக்கவே இல்ல, அட்டையத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அவரா? அவரு எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. போயிச் சவரம் பண்ணிட்டு வாங்க, மனசு தெளியும்ன்டு சொன்னேன். அடி விழுகும்ன்டு நெனச்சேன், விழுகல. தாடியத் தடவிக்கிட்டே நின்னாரு. கடைசியில, உசுரோட இருக்குறத அறுக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்டாரு. உசுரோட இருக்குறது நான்தான்டு சத்தமாவே சொன்னேன். வராந்தாவே திரும்பிப் பாத்துச்சு, நீங்களுந்தான் பாத்திய. ஆத்தாளும் மகனும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாக.

எனக்கு ஆசை இல்லாமயா? அந்தப் பொம்பளைக்கு இருக்குற ஆசையில நூறு பங்கு எனக்கு இருந்துச்சு. பேரு கூட வச்சிருந்தேன், அத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அதுக்காக நான் செத்துக் காட்டணுமா? கொழாய் ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்காம். பெத்தாலும் பெறாட்டியும் நான் இருக்கணும்க்கா. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போறதா வேணாமாங்கிறத நான் இருந்து முடிவு பண்ணிக்கிறேன்.

கையெழுத்தா? நானே போட்டுட்டேன். என் ஒடம்புக்கு என் கையெழுத்து போதும்ன்டு டாக்டரம்மா சொல்லிட்டாக. ஆனா கூட ஒரு ஆளு இருக்கணுமாம். மருந்து வாங்கியாரணும், கதவத் தொறந்து பூமயிலு கூட வந்தது யாருன்டு கேட்டா நான்தான்டு முன்னால வரணும். எங்க அம்மா செத்துப்போச்சு. அய்யா மட்டுந்தான், சாயல்குடிக்கு அங்கிட்டு ஆடு மேச்சுக்கிட்டு இருக்காரு. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டிருக்கேன், அவரு வந்து சேர இருட்டிரும். அதுவரைக்கும் கொழாய் பொறுக்குமா?

அதான், சித்த முந்தி அந்த நர்சு கேட்டப்ப ஒங்களக் கை காட்டிட்டேன். எங்க அக்கான்டு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிராதிய. மகளப் பாத்துக்கிட்டே இந்தக் கதவையும் ஒரு கண்ணு பாத்துக்கங்க. ஒங்க பேரு என்னக்கா? சித்தி ஜுனைதாவா, சித்தியும் பேருலயே சேந்ததா. பூமயிலுக்கு சித்தி ஜுனைதா எப்புடி அக்கான்டு கேப்பாக. கூடப் பொறந்தவதான்டு சொல்லுங்க. நான் உள்ள போயிருவேன், எங்கிட்ட வந்து கேக்கவா போறாக?

அந்தா அந்த நர்சுப் புள்ள வருது. எந்திரிங்கக்கா, நம்மளத்தான் கூப்புடுது.