தணிக்கையாளர் குடித்த கண்ணீர்

அவைக்குத் தலைமையேற்று, என்னைப் பேசவிட்டு அஞ்சாமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! என்னைப் போலவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் மூத்தோரே! உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ரயில் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா? பேருந்துகள் நின்று ஊரே நடையாய் நடந்ததே, அந்த ஆண்டு. நான் தணிக்கை அலுவலகத்தில் பை தூக்கும் பணியாள். எழுத்து என்னிடம் ஒட்டவில்லை. ஞாபகம் என்னை விடவில்லை.

தணிக்கை என்றால் என்ன? அரசு செலவழிக்கும், அந்தச் செலவை அரசுக்கு அடங்காத ஒருவர் ஆராய்வார். அமைச்சர் அதட்டினாலும் அசையக்கூடாது; அதிகாரி அணைத்தாலும் அடங்கக்கூடாது. எங்கள் ஐயா அப்படிப்பட்டவர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சொந்தத் தண்ணீர்க் குப்பியோடுதான் போவார். தேநீர் நீட்டினால் தொடமாட்டார். “குப்பி ஐயா வந்தாச்சு, கோப்பையை உள்ள வைங்கடா” என்பார்கள் குமாஸ்தாக்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை.

தொழிலாளர் குடியிருப்புக்குப் புதிதாக ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதன் காலடியிலேயே ஓர் அறை. அதில் பம்பு ஓட்டுபவரும் அவர் மனைவியும். ஐயா ஏணியில் ஏறினார், தூணை நகத்தால் சுரண்டினார்.

“என்னய்யா இது? சிமெண்ட்டா, முகத்துக்குப் போடுற பவுடரா?”

கீழே அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: “அண்ணே, மேல ஏறினவரு என்ன சொல்றாரு?”

“தப்பா இருந்தா எழுதிருவாரு தங்கச்சி. அவரு யாருக்கும் பயப்பட மாட்டாரு.”

எழுதினார். தொட்டியைக் காலிசெய்ய வேண்டும், குடும்பத்தை வெளியேற்ற வேண்டும், இடிக்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் ஆட்சேபத்தை முடிவாக்கும் முன் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுக் கேட்பது தணிக்கையில் முறை. நல்ல முறைதான். அன்று வந்தவர் அந்தத் தொட்டிக்குப் பொறுப்பான பொறியாளர். அந்த மாதம் ஓய்வு பெறுகிறவர். ஆட்சேபம் நிலுவையில் இருந்தால் ஓய்வூதியம் நின்றுபோகும்.

மிரட்டினாரா? இல்லை. லஞ்சம் நீட்டினாரா? இல்லை. சிபாரிசு பிடித்தாரா? அதுவும் இல்லை. அழுதார், அன்பர்களே, அந்தப் பொறியாளர் அழுதார்!

“எனக்கு முன்னால இருந்தவரு கட்டினதுங்க. வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தி கிடக்குறா. என் வயித்துல அடிக்காதீங்க.”

யாருடைய தேநீரையும் தொடாத மனிதர், அன்று ஒருவருடைய கண்ணீரைக் குடித்துவிட்டார்! ‘இடிக்க வேண்டும்’ என்பது ‘கவனித்து வரலாம்’ என்று மாறியது.

உதவித் தணிக்கையாளர் ஒரு பெண்மணி, விடவில்லை. “யாரு சார் கவனிக்கிறது? கீழ குடியிருக்கிறவனா?”

“விடும்மா. பாவம், ரிட்டயர் ஆகப்போற மனுஷன்.”

பாவம்! அந்தப் பாவம் அறைக்குள் அழுதவருக்குக் கிடைத்தது. தொட்டிக்கு அடியில் தூங்கியவருக்குக் கிடைக்கவில்லையே! ஏன்? அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

மழை மாதத்தில் ஒரு காலை, நிரம்பிய தொட்டி கால் மடங்கி விழுந்தது. பம்புக்காரர் உள்ளே இருந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தார்.

ஐயா ஓடினார்; பின்னாலேயே நான். அந்தப் பெண் ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“தூண்ல விரிசல் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு அப்பவே காலிபண்ணலாம்னாரு. நான்தான் தடுத்தேன். பெரியவரு ஏறிப் பாத்துட்டுப் போயிருக்காரு, ஆபத்துன்னா சொல்லமாட்டாரான்னேன். சொல்லியிருக்கலாமே ஐயா?”

என்ன அம்மா? ஐயா என்ன செய்தார் என்றா கேட்கிறீர்கள்? அதற்குப் பிறகு அவர் எந்த ஏணியிலும் ஏறவில்லை.

அன்பர்களே! தணிக்கையாளர் ஏறாத தொட்டியை மக்கள் சந்தேகப்படுவார்கள். ஏறிப் பார்த்துவிட்டு அவர் வாய் மூடிக்கொண்ட தொட்டியை நம்புவார்கள்! நம்பி அதன் கீழ் படுப்பார்கள்! பணத்துக்கு மயங்காதவரை நாம் போற்றுகிறோம். பரிவுக்கும் மயங்காதவரை எங்கே தேடுவோம்?

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பொறியாளர் போய்விட்டார். உதவித் தணிக்கையாளர் போய்விட்டார். குப்பி ஐயாவும் போய்விட்டார். நான் இருக்கிறேன், வெறும் பை தூக்கியவன். அந்தத் தொட்டியால் வாழ்விழந்தவர்களில் இன்றும் உயிரோடு இருப்பவர் ஒருவரே. அதோ, கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் அந்தப் பம்புக்காரர் மனைவி. தங்கச்சி, வணக்கம்.