மரத்துப்போன கால் ஆடிய ஆட்டம்

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நாளை பள்ளி மேடையில் நானே பேசும்வரை அக்கா கண்ணில் இது படக் கூடாது. ஆசிரியையிடம் நான் கொடுத்திருக்கும் தலைப்பு கைபேசியின் நன்மைகள். பேசப்போவது இதைத்தான்.

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, ஆன்றோரே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே, அவர்களுள் ஒருத்தியாய் ஒன்றும் அறியாது அமர்ந்திருக்கும் என் அம்மாவே, வணக்கம்.

துணிக்கடையில் நாள் முழுதும் நின்றே வேலை பார்ப்பவள் என் அக்கா. கால் பெருவிரலின் அடியில் எலும்பு புடைத்து, செருப்பு வார் உரசினாலே முகம் சுருங்கிவிடும். டாக்டர் சொன்னார்: "முதல்ல அகலமான செருப்பு போட்டுப் பாரும்மா. ஆபரேஷன்னா மாசக்கணக்குல நின்னு வேலை பாக்க முடியாது." அக்கா யாரை நம்பினாள்? அவரையா? இல்லை. உள்ளங்கையில் ஒளிரும் ஒரு குட்டிக் காணொளியை.

"அந்தாளு சும்மா பயமுறுத்துறாரு. இங்க பாருடி, இதே ஆபரேஷன் முடிஞ்ச கையோட, கால்ல கட்டோட ஆடுறா. நானும் ஒரே வாரத்துல கடைக்குப் போயிடுவேன்."

"அம்மாகிட்ட சொல்லேன்க்கா."

"நீ சொன்னேன்னா, அப்புறம் எனக்குத் தங்கச்சியே கிடையாது."

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அந்த ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அன்பர்களே, ஆடியவளுக்கே நான் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது.

"அப்போ கால் மரத்துப்போயிருந்துச்சு தங்கம். மரப்பு ஊசி தெளியுறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்காரங்க ஆடச் சொல்லி வீடியோ எடுத்தாங்க. தெளிஞ்சப்புறம் தலகாணியக் கடிச்சிட்டு அழுதேன். அதை எடுக்க யாரும் வரல."

கோணிய விரலைக் காட்டினார்கள், நேரான விரலைக் காட்டினார்கள். நடுவில் கிடந்த வலியைக் காட்டினார்களா? ஊன்றுகோலைக் காட்டினார்களா? குளியலறை வாசலில் பிடிமானம் தேடித் தடவிய கையைக் காட்டினார்களா? கத்தியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணின் விரல் இன்று நேராகத்தான் இருக்கிறது. கண்ணீரையும் காட்டிவிட்டுக் கத்தியை எடுங்கள் என்கிறேன்.

அம்மா, நாளைக் காலையில் அக்கா உன்னிடம் சொன்னதுபோல் தோழி வீட்டுக்குப் போகவில்லை. அறுவைக்குப் போகிறாள். கடையில் கொடுத்திருப்பது ஒரு வார விடுப்பு. அது தாண்டினால் அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நிற்பாள்.

பொறுமையாய்ச் செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. அக்கா, இனி நீ என்னோடு பேசாவிட்டாலும், என் கடைசி வணக்கம் உனக்குத்தா...

கதவைத் தட்டுகிறார்கள். ஒரு காலை இழுத்து வந்த நடை.

"தூங்கலையாடி? போனைக் குடு. அந்த வீடியோவ இன்னொரு தடவ பாக்கணும். அதப் பாத்தாத்தான் எனக்குப் பயம் போகுது."