வெந்நீர் அக்காவுக்கு நான் போட்ட மதிப்பெண்

உங்கள் வாசல்படியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, சார். வயதானவர்கள் வந்தால் வழுக்கும். ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டால் போதும். தப்பாக நினைக்காதீர்கள், பதினோரு வருடத் தொழில் பழக்கம். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பேன்.

இந்தச் சாவியை மேசைமேல் வைக்கிறேன். என் வீட்டுச் சாவி. எதற்கென்று கடைசியில் சொல்கிறேன். இப்போது மணி இரண்டரை. நாலு மணிக்குள் முடித்துவிட்டால் நல்லது.

வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் நான் தர ஆய்வாளர். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்ட, ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்க எங்கள் நிறுவனம் பெண்களை அனுப்பும். ஒழுங்காகச் செய்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. தொடுவதற்கு முன் சொல்கிறார்களா, துடைக்கும்போது மற்ற இடத்தைத் துணியால் மூடுகிறார்களா, ஊட்டும்போது விழுங்கும்வரை பொறுக்கிறார்களா. கடைசியாக நோயாளியின் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்துவேன். வெளுத்து உடனே சிவந்தால் நல்லது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அங்கே புண் வரப்போகிறது. ஆட்கள் எனக்காக நடிக்கலாம், வீடு நடிக்கலாம். குதிகால் நடிக்காது.

வெந்நீர் அக்காவை டிரைவர் பெரியவர் வீட்டில்தான் முதலில் பார்த்தேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, சர்க்கரை வேறு. மகள் காலையில் அலுவலகம் போனால் மாலையில்தான் வருவாள். அக்கா அவரைத் தொடுவதற்கு முன் தன் இரண்டு கைகளையும் வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொள்வார். சில்லென்ற கை பட்டால் உடம்பு பயந்துவிடும் என்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

அக்கா அவரைப் பக்கவாட்டில் புரட்டும்போது பெரியவர் சத்தம் போடுவார்.

"வளைவு வருது, எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்குங்க!"

"டிக்கெட் எடுத்தாச்சா?"

"நான் ஸ்டாஃப்மா. என்கிட்டயேவா?"

தொண்ணூற்றாறு போட்டேன். என் கையால் அதற்குமேல் யாரும் வாங்கியதில்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

பக்கவாதம் வந்து அம்மா படுத்து இரண்டு வருடம். பேச்சு இல்லை, இடது கை மட்டும் அசையும். ஆறே மாதத்தில் நாலு பேர் வந்து நாலு பேரும் போனார்கள். இதற்குள் அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பக்கத்தில் போனால் அந்தக் கை தானாக எழும்பி முகத்தை மறைக்கும். வந்தவர்களில் யாரோ கை நீட்டியிருக்கிறார்கள் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். மனைவி தன் பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள். பகலெல்லாம் ஊரான் வீட்டுக் குதிகாலை அழுத்திவிட்டு, சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் திறக்கக் கை வராது எனக்கு. மூத்திர வாடையில் தெருமுனையிலேயே என் வீடு தெரிந்துவிடும், சார். அப்படி இருந்தது நிலைமை.

அக்காவை என் வீட்டுக்கு மாற்றித் தரும்படி முறையாக மனுக் கொடுத்தேன். நோயாளி நன்றாக இருக்கும் வீட்டிலிருந்து ஆளை எடுப்பதில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நியாயமான விதிதான். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

இன்னொரு விதியும் உண்டு. இரண்டு முறை அறுபதுக்குக் கீழே வாங்கினால், அந்தப் பெண் மூன்று மாதம் ஓர் ஆய்வாளரின் நேரடிப் பார்வையில் வேலை செய்ய வேண்டும். எந்த வீட்டில் என்பதை ஆய்வாளரே முடிவு செய்யலாம்.

அடுத்த முறை ஐம்பத்தெட்டு போட்டேன். பெரியவரின் மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சார், கண்ணாடி மாத்தணுமா உங்களுக்கு? அக்காவுக்கு ஐம்பத்தெட்டுன்னா நானெல்லாம் எங்கப்பாவுக்குப் பண்றதுக்கு மைனஸ்லதான் வாங்கணும்."

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அலுவலகம் உஷாராகிவிட்டது. தொண்ணூற்றாறு வாங்கியவர் திடீரென்று எப்படி இறங்கினார், அடுத்த அறிக்கையோடு புகைப்படம் வேண்டும் என்றார்கள். புகைப்படம் வேண்டுமென்றால் காயம் வேண்டும். அந்த உடம்பில் நகக்கீறல்கூடக் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன். மாத்திரை ஒன்று குறைகிறது என்று அக்காவை மருந்துக் கடைக்கு அனுப்பினேன். அக்கா கைக்குப் போட்ட வெந்நீர் அடுப்பிலேயே இருந்தது. அதைக் கொதிக்கவிட்டேன். ரப்பர் பையில் ஊற்றி, போர்வைக்கு அடியில் பெரியவரின் வலது குதிகாலில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். இருபது நிமிடம். அவருக்கு வலிக்கவில்லை, சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வலிக்கும் என்றால் நான் செய்திருக்க மாட்டேன். அவர் பாட்டுக்குப் பிரேக் பிடிக்காத ஒரு பஸ்ஸை மலைப்பாதையில் இறக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் உம் கொட்டினேன்.

மருந்தோடு அக்கா உள்ளே வந்ததும் பெரியவர் சொன்னார்:

"பாத்தியாம்மா, ஆபீசரே என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. என் சர்வீஸ்ல ஒருத்தன் பிடிச்சதில்ல."

மறுநாள் முன்னறிவிப்பில்லாமல் போனேன். குதிகாலில் கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். படம் எடுத்தேன். அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"முழங்கையை விட்டுப் பாக்காம நான் தண்ணிய மேல ஊத்தினதே இல்ல சார். எப்படின்னு தெரியலயே. என் கவனம் எங்க போச்சுன்னே தெரியலயே."

தன்னைத்தான் சந்தேகப்பட்டாரே தவிர என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. மறுபடியும் அறுபதுக்குக் கீழே போட்டு, அறிக்கையில் 'கவனக்குறைவு, உள்நோக்கம் இல்லை' என்று எழுதினேன். உள்நோக்கம் என்று எழுதினால் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள். அக்காவுக்கு நான் செய்த நன்மை அது.

அடுத்த திங்கள் முதல் அக்கா என் வீட்டில். மூன்றே வாரத்தில் வீட்டில் சோப்பு வாசம். அம்மாவின் கன்னத்தில் சதை பிடித்தது. ஒருநாள் அக்கா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"சார், நான் போனா அம்மா கையத் தூக்கறதே இல்ல. நீங்க போறப்பதான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டு, "ஜன்னல் வெளிச்சம் கண்ணுல படுதோ என்னவோ" என்று திரைச்சீலையை இழுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

டிரைவர் வீட்டுக்குப் போன புதிய பெண் குதிகாலைப் பார்க்கிற ரகம் இல்லை. சர்க்கரை உடம்பு. புண் அழுகி, முழங்கால்வரை கறுத்து, நாற்பத்தோராவது நாள் பெரியவர் போய்விட்டார். சாவுக்குப் போயிருந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்கே ஐம்பத்தெட்டு போட்டப்ப உங்கள கிண்டல் பண்ணேனே சார்" என்று அழுதாள். நான் எடுத்த படத்தை வைத்துத்தான் அக்காமேல் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். அந்தப் படத்தை வைத்துத்தான் நேற்றுக் காலை என் வீட்டுக்கு வந்தீர்கள். அக்கா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்து, அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டுத்தான் உங்களோடு வந்தார். நீங்களே பார்த்தீர்கள்.

இவ்வளவையும் இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அக்காவை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். சாவி இதோ இருக்கிறது. பஸ் பிடித்தால் நாலு மணிக்குப் போய்விடலாம். நாலு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அக்கா கோபப்பட மாட்டார். அவர் குணம் எனக்குத் தெரியும், தொண்ணூற்றாறு போட்டவன் நான்.

பெண் காவலர் யாரையாவது அனுப்புகிறேன் என்கிறீர்கள். புது ஆள் வேண்டாம், சார். நானே உங்கள் ஜீப்பில் போய் ஒருமுறை புரட்டிவிட்டு வரலாமே என்றும் கேட்கிறீர்கள்.

வந்த நாலு பெண்களில் யாரும் அம்மாவை அடிக்கவில்லை. நான்தான் அடித்தேன். ஒரே ஒரு முறை. சரி, எழுதுவதென்றால் சரியாக எழுதுங்கள், நாலைந்து முறை இருக்கும். நேற்று அக்கா போனதிலிருந்து கஞ்சிக்கு அம்மா வாயைத் திறக்கவே இல்லை. அந்தக் கை குறுக்கே வந்துகொண்டே இருந்தது. அதனால் இன்று மதியம் இடது மணிக்கட்டைத் துண்டால் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்தேன்.

இறுக்கமாகக் கட்டவில்லை, சார். விதிப்படி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறேன்.