பவுனம்மாள் கடலுக்குப் போனது

தண்டபாணி: கயித்த வுட்டுடாதமே! இன்னும் ஒரே ஒரு அலதான்... தோ, தாண்டிட்டோம்.

பவுனம்மாள்: ஐயோ, உப்புத்தண்ணி மூக்குல ஏறி... இந்தக் கட்டுமரத்துலயா இத்தினி வருசமா குந்திகினு போற?

தண்டபாணி: கரைக்குத் திருப்பட்டா?

பவுனம்மாள்: ஆங்! அறுவது வயசுல மொத மொத கடலுக்கு வரேன், திருப்பறாராம் தொர. ஒரு ஆயுசு மீன் கூடை தூக்கனவ நான். மீனு வர்ற எடத்தப் பாக்கக் கூடாதா?

தண்டபாணி: பொம்பளைய மரத்துல ஏத்திகினு போனான்னு குப்பமே சிரிக்கப் போவுது.

பவுனம்மாள்: சிரிச்சிட்டுப் போவட்டும். ஆமா... கண்ணாலம் கட்டுன நாளா கேக்கறேன், வேணாம் வேணாம்னியே. நேத்து மட்டும் இன்னா, திடீர்னு 'வாமே'ன்னுட்ட?

தண்டபாணி: கோதண்டத்துக்குக் காய்ச்ச. மரத்துல ரெண்டாவது ஆள் வேணாமா?

பவுனம்மாள்: ஓ... காய்ச்சலா.

தண்டபாணி: அந்தத் துடுப்ப எடு. சும்மா தண்ணியத் தொட்டா போதும்... அட! நல்லாத்தான் போடறே!

பவுனம்மாள்: கூடை தூக்கன கையி.

தண்டபாணி: சரி, கரையப் பாரு. திருவொத்தியூர் கோபுரம் தெரியுதா?

பவுனம்மாள்: நீ பாக்கலியா?

தண்டபாணி: நான் தெனம் பாக்கறவன். உனக்குத் தெரியுதான்னு கேட்டேன். கோபுரமும் ஆலை சிம்னியும் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வர்ற எடத்துலதான் மீனு. கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் அடியில பாறை, வல கிழிஞ்சிடும். நம்ம கையில கீறது இந்த ஒரே வல.

பவுனம்மாள்: கோபுரம் தோ... சிம்னி கொஞ்சம் தள்ளி. யப்பா, இன்னா பொகை! கருப்பா, வானத்தையே மூடிகினு...

தண்டபாணி: ஆமாமா, இன்னிக்கு ஜாஸ்தியாத்தான் வுடறான்.

பவுனம்மாள்: இன்னிக்கு ஞாயித்துக்கெழமைய்யா. ஆலை மூடிக் கீது. பொகையே இல்ல. சொல்லு. எப்பலேர்ந்து?

தண்டபாணி: மாசியிலேர்ந்து... கிட்டக்க தெரியுது பவுனு. எட்டக்கதான் எல்லாம் பனி மூடனா மாதிரி. கோதண்டத்துக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணு தெரியாம மரத்த ஆர்பர் கல்லுல மோதப் பாத்தேன். இனிமே உன்கூட வரமாட்டேன்னுட்டான். யார் கையிலயும் சொல்லாதமே. தெரிஞ்சா, மரத்த வித்துட்டுக் கரையில குந்துன்னுவாங்க. என்னால ஆவாது... அதான், உன் கண்ணுக்கோசரம் கூட்டியாந்தேன். கடலக் காட்டறேன்னு சொல்லி ஏமாத்திட்டேன்.

பவுனம்மாள்: யாரு யார ஏமாத்துனது? கோதண்டம் பொண்டாட்டி மாசியிலயே எங்கையில சொல்லிட்டா. உன் வாயால வரட்டும்னுதான் அந்தப் பொகைய வுட்டேன். எண்ணூருக்குக் கருவாடு வாங்கப் போறேன், கருவாடு வாங்கப் போறேன்னு போனேனே... கழிமொகத்துல கருவாட்டுக்கார சிலுவையம்மா தோணியில துடுப்பு போடக் கத்துகினுதான் இருந்தேன். நீ எப்ப கூப்புடுவேன்னு பாத்துகினு. ஆடாம குந்து... கோபுரமும் சிம்னியும் இப்பதான் நேரா வருது. உம், வலைய எறக்கு.