பிரேக்கில் ஒட்டிய உப்புத்தாள்

டோக்கன் எடுக்காமத்தான் உள்ள வந்துட்டேன் டாக்டரம்மா, வெளிய இருக்கறவங்கல்லாம் மொறைக்கறாங்க. ரெண்டே நிமிஷம். இல்ல, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். சரி சரி, உக்காந்துக்கறேன்.

என்னைத் தெரியலைங்களா? பஸ் டிரைவர். வண்டி ஓட்டத் தகுதியான்னு டிப்போல இருந்து வருசா வருசம் அனுப்புவாங்களே, நீங்கதான கையெழுத்துப் போடுவீங்க. நாலு வருசமா ரெண்டு காலும் எரியுது எரியுதுன்னு சொல்லுவனே. ஆங், அதே ஆளுதான்.

உங்களைக் குத்தம் சொல்லலைங்க. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, ரத்தத்துல ஒண்ணுமில்ல, சர்க்கரையும் கிடையாது. கரண்ட் வெச்சு நரம்பைப் பாத்தாரே பெரிய டாக்டர், அவரே உதட்டைப் பிதுக்கிட்டாரு. ஒண்ணுமில்லாத காலு ஏங்க கொதிக்கிற தண்ணிய ஊத்தின மாதிரி எரியுது? போர்வை பட்டாக்கூட உயிர் போகும். என் சம்சாரம் அட்டைப்பெட்டிய வெட்டிக் காலுக்கு மேல கவுத்து வெச்சு, அதுக்கு மேலதான் போர்வைய விரிப்பா. அவ தம்பி ஒருத்தன் இருக்கான். லீவு வேணும்னா நேரா கேளுங்க மாமா, பாவம் அந்தக் காலை ஏன் வம்புக்கு இழுக்கறீங்கங்கறான்.

ஹாரனா? ஆமாங்க, அடிச்சுக்கிட்டேதான் இருக்காங்க. ஜன்னலைச் சாத்தவா? வேணாமா, சரி.

உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். ஷூ போட முடியாது, வெறுங்காலுலதான் ஓட்டறேன். எரியற காலுக்கு எது பிரேக்கு, எது ஆக்ஸிலேட்டர்னு மட்டுப்படாது. ஒருநாள் சிக்னல்ல தடுமாறிட்டேன். மறுநாளே பெயிண்ட் கடையில உப்புத்தாள் வாங்கி பிரேக்கு மேல ஒட்டிட்டேன். சொரசொரன்னு இருக்குமா, பாதம் பட்டதும் சுரீர்னு உச்சந்தலை வரைக்கும் ஏறும். ஆனா பிரேக்குதான்னு தெரிஞ்சிரும். பதினோரு வருசமா எங்கூட ஓடற கண்டக்டர் சொல்லுவாரு, யோவ், அழுதுகிட்டே ஸ்டாப்புல நிறுத்தற டிரைவரு நீ ஒருத்தன்தான்யான்னு. ரெண்டு வருசமா அப்படித்தான். வண்டில ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஐயோ, மாத்திரை எழுதாதீங்க. வலிக்கு மருந்து கேக்க வரலை. ஒரே ஒரு நாளு இந்த வலி விட்டாப் போதும்னு நாலு வருசமா அழுதவன்தான் நான்.

விட்டுருச்சுங்க. இன்னைக்கு ரெண்டாவது ட்ரிப்புல, சட்டுனு. ரெண்டு காலுலயும் வலியே இல்ல. எனக்கா தலைகால் புரியலை, விசிலெல்லாம் அடிச்சேன். பின்னாடி இருந்து கண்டக்டர் எட்டிப் பாக்கறாரு. அப்புறம் ஒரு திருப்பத்துல ஒரு பொம்பளை, கைக்குழந்தையோட, குறுக்க வந்துட்டாங்க. மிதிச்சேன். சுரீர்ங்கலை. வண்டி நிக்கவும் இல்லை, இன்னும் பாயுது. குனிஞ்சு பாக்கறேன், காலு அதுபாட்டுக்கு ஆக்ஸிலேட்டர் மேல கெடக்குது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டேன். வண்டிக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். அந்தம்மா வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போச்சு. திட்டட்டும், திட்டறதுக்கு ஆளு இருக்குதே.

நீங்களே கிள்ளிப் பாருங்க. நல்லாக் கிள்ளுங்க. ம்ஹூம். ரத்தமா? எங்க? ஓ, அது உப்புத்தாள் அறுத்திருக்கும். எப்ப அறுத்துச்சோ.

போன மாசம் தகுதின்னு கையெழுத்துப் போட்டீங்களே, அதை அடிச்சுட்டு, இவன் ஓட்டக்கூடாதுன்னு எழுதிக் குடுங்க. என் பேச்சை டிப்போல யாரு நம்பறா? உங்க தாள் இல்லாமப் போனா, போய் வண்டிய எடுய்யான்னுதான் சொல்லுவாங்க. இந்தாங்க சாவி. இதை உங்க மேஜையிலயே வெச்சுக்குங்க, நான் கேட்டாலும் குடுக்காதீங்க.

எந்த வண்டின்னா? அந்தத் திருப்பம் உங்க வாசல்தாங்க. ஹாரன் அடிக்கறாங்கல்ல, அவங்களுக்கு முன்னாடி ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது பாருங்க. உள்ள நாப்பத்தி மூணு பேரு உக்காந்திருக்காங்க. ரெண்டு நிமிஷத்துல வந்து எடுத்துடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.