பாப்பாவின் பூர்வீகம்

வாயால் சொல்ல வேண்டாம், எழுதியே தரலாம் என்று நீங்கள் அனுமதித்ததற்கு நன்றி. பேசினால் எனக்கு நாலு வார்த்தைக்கு ஒரு தடவை 'வந்து', 'வந்து' என்று வரும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் கொடுத்த பேனா கொஞ்சம் கசிகிறது, பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாகச் சினிமா கம்பெனியின் விளம்பரப் பிரிவில் எழுத்து வேலை பார்க்கிறேன். அங்கே என் பெயர் 'புலவர்'. கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. நடிகர், நடிகைகளின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது என் வேலை. எங்கே பிறந்தார், என்ன படித்தார், யாருடைய பிள்ளை என்று ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் பத்திரிகைக்காரர்கள் அதை டீ கிளாசுக்கு அடியில் வைத்துவிடுவார்கள்.

நீங்கள் விசாரிக்கும் நடிகையைக் கம்பெனியில் எல்லோரும் பாப்பா என்றுதான் சொல்வோம். பத்தொன்பது வயதில் வந்தாள். அவளை வைத்து எடுத்த சோதனைக் காட்சியைத் திரையில் போட்டுப் பார்த்தபோது கேமராமேன், "இது எந்த ஊர் முகம்னே பிடிபடலையே" என்றார். கண் ஒரு ஊர், கன்னம் ஒரு ஊர், நிறம் எந்த ஊரிலும் சேராது. முதலாளிக்கு அதுதான் பிடித்தது. "எந்த ஊர்க்காரன் பாத்தாலும் நம்ம வீட்டுப் பொண்ணுன்னு நினைப்பான்" என்றார். குறிப்பு எழுதும் பொறுப்பு என் மேஜைக்கு வந்தது.

முதலில் நான் உண்மையைத்தான் எழுதினேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அம்மாவின் அம்மா தீவுக்காரி, உப்பளத்துக்குக் கூலியாக வந்தவள். அம்மாவின் அப்பா மலைக்காரர், சுமை தூக்கியவர். பாப்பாவின் அப்பா பாலைவனப் பக்கத்து ஆள். கப்பலில் சமையல்காரராக வந்தார், அதே கப்பலில் திரும்பிப் போய்விட்டார். அம்மா துறைமுகத் தெருவில் ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறார். மொத்தம் பதினோரு வரி. முதலாளி படித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கமே தள்ளினார்.

"கலப்பு வேணும்னு நான்தான் சொன்னேன் புலவரே. ஆனா இந்தக் கலப்பு இல்ல. கொஞ்சம் ஒசத்தியா கலக்குங்க."

அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சில கலப்புகளை முன்வாசல் வழியாக வரவேற்பார்கள், சிலவற்றைப் பின்வாசலில் நிற்க வைப்பார்கள். ஆகவே பனிநாட்டிலிருந்து செடிகொடிகளை ஆராய வந்த ஓர் அப்பாவை அவளுக்குக் கொடுத்தேன். பழைய பிரபுக் குடும்பம் ஒன்றின் கடைசி மகளை அம்மா ஆக்கினேன். பாப்பாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது இருவரும் ஏதோ ஒரு அபூர்வப் பூவைத் தேடி ஆற்றில் போனார்கள், படகு கவிழ்ந்தது. கம்பெனிக் கணக்கப்பிள்ளை அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு நான் எழுதியதுதான் என்று தெரியும்.

பாப்பா மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "அம்மாவைச் சாகடிச்சே ஆகணுமா சார்? வெளியூர்ல இருக்காங்கன்னு எழுதிடக் கூடாதா?"

வெளியூரில் இருப்பவர் எப்போது வருவார் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள், இறந்தவர்களிடம் அந்தத் தொந்தரவு கிடையாது என்று எடுத்துச் சொன்னேன். கெட்டிக்காரப் பெண், புரிந்துகொண்டாள்.

அந்த அம்மாவும் ஒப்புக்கொண்டார். அவரே ஒருநாள் ஆபீசுக்கு வந்து, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். மகளை அப்படியே உரித்து வைத்த முகம். மகள்தான் இவரை உரித்துக்கொண்டு வந்தவள் என்பது சரி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டார்.

"தண்ணில மூழ்கியா செத்தேன்? எனக்கு நல்லா நீச்சல் தெரியுமே தம்பி."

புயல் என்றேன்.

"புயல்னா சரி. பிள்ளை நல்லா வந்தா போதும். நான் எங்க போயிடப் போறேன்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார். கேட்டால் துணி எடுக்க வந்தவர் என்று சொல்லச் சொல்லியிருந்தோம். போகும்போது உண்மையாகவே நாலு துணியை எடுத்துக்கொண்டு போவார்.

பாப்பா மேலே மேலே போனாள். படம் எந்தப் பகுதியில் வெளியாகிறதோ அந்தப் பகுதியிலிருந்து ஒரு பாட்டியைச் சேர்ப்பது என் வழக்கமாயிற்று. ஒருநாள் எங்கள் டைப்பிஸ்ட் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "சார், பாப்பாவுக்கு இதோட ஆறு பாட்டி ஆயாச்சு" என்றாள். நாலு பேரைக் கொள்ளுப்பாட்டி ஆக்கிச் சரிக்கட்டினேன். இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

நாலாவது வருடம், ஒரு பெரிய படம் வெளியாவதற்கு முன்பு, பாப்பா கொடுத்ததாக ஒரு பேட்டி எழுதினேன். அதில் ஒரு இடத்தில், 'அம்மாவின் கை என்மேல் பட்ட ஞாபகமே எனக்கு இல்லை' என்று வரும். நான் எழுதியதிலேயே நல்ல வரி அது. பதினான்கு பத்திரிகைகள் அதையே தலைப்பாகப் போட்டன. அப்போது பாப்பா வெளிநாட்டில் மூன்று மாதப் படப்பிடிப்பில் இருந்தாள்.

சலவைக் கடையில் யாரோ அதை உரக்கப் படித்திருக்கிறார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா கம்பெனி வாசலில் வந்து நின்றார். எதிர்க்கடையில் இரண்டு நிருபர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் அந்த அம்மாவைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்தினேன்.

அவர் சத்தம் போடவில்லை. வலது கையை என் மேஜைமேல் வைத்துக் காட்டினார். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள்.

"இந்தக் கையாலதான் தம்பி குளிப்பாட்டினேன். காய்ச்சல்ல கிடந்தப்ப ஆறு நாள் இந்தத் தோள்லதான் போட்டிருந்தேன். செத்துட்டேன்னு எழுதினியே, அது கிடக்கட்டும். தொடவே இல்லைன்னு எழுதினியே, அதை மட்டும் மாத்திடு."

அச்சில் வந்ததை மாற்ற முடியாது என்று பொறுமையாகச் சொன்னேன்.

"அப்ப நானே வெளிய போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

சொல்லக்கூடியவர்தான். சொன்னால் அந்த முகத்தைப் பார்த்த எவனும் நம்பிவிடுவான். பனிநாட்டு அப்பா, பிரபுக் குடும்பம், ஆறு பாட்டிகள், எல்லாம் ஒரே நாளில் போய்விடும். எத்தனை பேருடைய உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா கேட்டது ஒரு வரி, ஆனால் ஒரு வரியை உருவினால் மற்ற வரிகள் நிற்காது. எழுதுகிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

பாப்பா ஊருக்குத் திரும்பிவிட்டாள், வெளியே ஓர் இடத்தில் ஓய்வெடுக்கிறாள், நேரே போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்றேன். நம்பினார். மறுநாள் கம்பெனி வண்டியில் கூட்டிப்போனேன். மடிப்புக் கலையாத உடையில் வந்தார், மகளுக்குப் பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார். போன இடம் ஊருக்கு வெளியே உள்ள மனநல விடுதி. நல்ல விடுதிதான், நான் முன்கூட்டியே போய்ப் பார்த்திருந்தேன். சுத்தமான தரை, நிறைய மரங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினேன். அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டு வந்தார், அதனால் அது முழுப் பொய் இல்லை. பூர்வீகம் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் ஒரே ஊர் என்று போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு எந்தக் கலப்பும் இல்லாத பூர்வீகம் எழுதினேன்.

டாக்டர் மரியாதையாகத்தான் விசாரித்தார். பிள்ளைகள் உண்டா என்றார். அந்த அம்மா மகளின் பெயரைச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து பத்திரிகைகளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். நிதானமாகப் படித்தார்.

"அம்மா, அவங்க அம்மாதான் படகு விபத்துல இறந்துட்டாங்களே."

"அது இவர் எழுதினது டாக்டர். எனக்கு நீச்சல் தெரியும். எங்க அம்மா தீவுக்காரி, அப்பா மலைக்காரர். வேணும்னா என் மூஞ்சியப் பாருங்க."

டாக்டர் குறித்துக்கொண்டார். அந்தக் கோப்பைப் பிறகு நான் படிக்க நேர்ந்தது. 'பிரபல நடிகையைத் தன் மகள் என்று நம்புகிறார். நடிகையைப் போலவே தனக்கும் கலப்புப் பூர்வீகம் என்கிறார். தம்பி தன்னை எழுத்தால் கொன்றுவிட்டதாகச் சொல்கிறார்.' தெளிவான நடை, ஒரு வார்த்தை வீண் இல்லை. பிஸ்கட் பொட்டலத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது அங்கே விதி.

பாப்பா திரும்பி வந்ததும், அம்மா விஷக் காய்ச்சலில் போய்விட்டார், தொற்று என்பதால் அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டது. ஒரு வாரம் விடுப்பு கேட்டாள். காரணம் எழுத வழியில்லை, ஏனென்றால் அம்மா இறந்து இருபத்தொரு வருடம் ஆகிறது என்று ஊருக்கே தெரியும். மறுநாள் பாட்டுக் காட்சிக்கு ஆடினாள். நன்றாகவே ஆடினாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு நான் விடுதிக்குப் போவேன். பழம், எண்ணெய், சோப்பு வாங்கிப்போவேன். முதல் வருடம் அந்த அம்மா என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் பழகிவிட்டது. கூடத்துத் தொலைக்காட்சியில் பாப்பாவின் படம் வருகிற நாளில் மட்டும் அவரை அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவார்கள். திரையைத் தொடப் போய்விடுகிறார் என்று புகார்.

ஆறாவது வருடம் டாக்டர் சந்தோஷமாகக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க அக்கா தெளிஞ்சுட்டாங்க. எனக்குப் பிள்ளையே கிடையாது, அந்த நடிகை யாருன்னே தெரியாதுன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. கூட்டிட்டுப் போகலாம்."

அந்த அம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வருவதற்காகச் சொன்ன பொய் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. பொய் என் தொழில், எனக்குத் தெரியாதா. நான் தயங்குவதுபோல் நின்றுவிட்டு, "டாக்டர், எங்க அக்காவுக்கு ஒரு பொண்ணு பிறந்தது நிஜம். மூணு மாசத்துல தவறிடுச்சு. அதையே இல்லைன்னு சொல்றாங்கன்னா, இன்னும் சரியாகலையோ" என்றேன். டாக்டர் யோசித்தார். மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழந்தை பிறந்தது, கைக்குழந்தையாகவே போய்விட்டது, அதன் துக்கத்தில்தான் இந்த நடிகை நினைப்பு வந்தது என்று. தினம் காலையில் நர்ஸ் கேட்பார், இவர் சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் நன்றாகப் படிந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் கூட்டிப்போகச் சொல்லியிருந்தார்கள். என்ன செய்வது என்று நானே யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குள் அந்த நர்ஸ் முந்திக்கொண்டார். முக ஜாடை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தியிருக்கிறது. பாப்பாவுக்கு மூன்று கடிதம் போட்டிருந்தார். ரசிகர் கடிதங்கள் எல்லாம் என் பிரிவுக்குத்தான் வரும். மூன்றுக்கும் பாப்பாவின் கையெழுத்திட்ட படம் ஒவ்வொன்று அனுப்பிவைத்தேன். நாலாவது தடவை அவர் கடிதம் போடவில்லை, அந்த அம்மாவின் போட்டோவோடு படப்பிடிப்புக்கே போய்விட்டார். அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

பாப்பா விடுதிக்கு ஓடிப்போய்க் காலடியில் விழுந்து, "அம்மா, நான்தாம்மா" என்றாளாம். அந்த அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஒரு பொண்ணு இருந்தாம்மா. மூணு மாசத்துலயே போயிட்டா" என்றாராம். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பத்து நாளாகியும் தினம் காலையில் அதையேதான் ஒப்பிக்கிறார், வேறு பேச்சு இல்லை, முதல் ஞாயிறு வந்தபோது மட்டும் "தம்பி இன்னும் வரலையா" என்று கேட்டார் என்று நீங்களே சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது நீங்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எதையும் மறுக்கவில்லை. அந்த அம்மாவைப் பொய் சொல்லிக் கூட்டிப்போய் அடைத்தது நான். மகளிடம் இறந்துவிட்டார் என்றது நான். வெளியே வர இருந்தவரை மறுபடி உள்ளே தள்ளியதும் நான்தான். முதலாளிக்கு இதில் பங்கு இல்லை, யாரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை. கையெழுத்துப் போடத் தயார்.

ஆனால் ஒன்றை மட்டும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இந்த ஏழு வருடத்தில் எண்பத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு மாதம் காய்ச்சலில் படுத்ததால் தவறியது. விடுதியின் வருகைப் பதிவேட்டை நீங்களே புரட்டிப் பார்க்கலாம். பெற்ற மகள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.