தியன் பிரேக்

தியன் சுடும் முட்டை அடைக்கு எங்கள் ஷென்காங் ஊரில் ஈடு கிடையாது. இதை நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். கல்லில் மாவை விட்டு வலது கையால் ஒரு சுழற்று சுழற்றுவான், அதைப் பார்க்கவே காலையில் கூட்டம் நிற்கும். மனைவியின் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. நல்லதை நல்லது என்று சொல்கிறவன் நான், இன்ஸ்பெக்டர்.

என் லேத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சைக்கிள் உதிரிபாகம் செய்த ஒரு கம்பெனியை மூடியபோது வாங்கிவந்து வீட்டின் கீழ்த்தளத்தில் போட்டேன். அன்றிலிருந்தே அதற்கு ஒரு நடுக்கம். இரும்பைக் கடைந்தால் மேலெல்லாம் வரிவரியாக விழும். மோட்டாரை மாற்றினேன், பெல்ட்டை மாற்றினேன், அடியில் கான்கிரீட் கொட்டினேன். பேரிங்கை எத்தனை முறை கழற்றி மாட்டினேன் என்று என் மனைவி பி-ஷியாவைக் கேளுங்கள். இயந்திரம் மக்கர் பண்ணாமல் இருக்க எங்கள் ஊரில் எல்லாரும் வைப்பதுபோலப் பச்சை உறைச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றையும் அதன் தலையில் வைத்தேன். உறைமேல் இருக்கும் பெயரே 'சமர்த்தாக இரு' என்பதுதானே. என் லேத் அதற்கும் மசியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தியன் வந்தான். பழைய வாஷிங் மெஷினின் கனமான ரப்பரை வெட்டி லேத்தின் கால்களுக்கு அடியில் கொடுத்தான். நடுக்கம் நின்றுவிட்டது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அவன் பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தான்.

"இனிமே இதுக்கு லஞ்சம் எதுக்கு மாமா? அதான் நான் இருக்கேன்ல."

"இத்தனை வருஷம் இதைக் கட்டிட்டு அழுதாரு உங்க மாமா. நீ தோசைக்கரண்டியோட வந்து முடிச்சிட்டே" என்றாள் பி-ஷியா.

நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

பிறகு ஞாயிறுதோறும் வந்தான். கேட்காமலே விளக்கு மாட்டினான், சுவிட்சை இடம் மாற்றினான். கடைசியில் ஒரு கால் பிரேக் வைத்தான். சாதாரணமாக நிறுத்தச் சுவிட்ச் இருக்கிறது. ஆபத்து என்றால் பெடலை மிதிக்கவேண்டும், இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற சக் நின்றுவிடும். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அதற்குத் 'தியன் பிரேக்' என்று பெயரும் வைத்தார்கள். லேத் என்னுடையது.

அந்தப் பிரேக் அவனை அசட்டையாக்குகிறது என்பதே என் கவலை. லேத்தில் நிற்கும்போது கையுறை ஆகாது. ஒரு நூல் சிக்கினால் போதும், கையையே இழுத்துக்கொள்ளும். குளிர்காலம் வந்ததும் அவன் கையுறையோடு நின்றான். கண்டித்தேன்.

"பிரேக் இருக்கு மாமா. நீங்க பயந்து பயந்துதான் எல்லாத்தையும் கெடுத்தீங்க" என்றான்.

அவனுக்கு நல்ல பருத்திக் கையுறையாக வாங்கி வைத்தேன், சற்றுத் தளர்வாகவே. அவன் கை பெரிது.

அடுத்த சனிக்கிழமை பெடலுக்கு அடியில் பிரேக்குக்குப் போகும் ஒயரைக் கழற்றினேன். என் இயந்திரத்தில் ஒரு ஒயரைக் கழற்ற நான் யாரைக் கேட்கவேண்டும்? ஸ்பிரிங்கை விட்டுவைத்தேன். மிதித்தால் காலுக்குப் பழைய மாதிரியேதான் இருக்கும். அவனுக்கு ஒரு பாடம் ஆகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் கையுறையின் விரல் நுனி சக்கில் சிக்கியது. மிதித்தான். மறுபடியும் மிதித்தான். "மாமா, நிக்கல" என்றான். பெரிய சத்தமாகக்கூட இல்லை. மெயின் சுவிட்ச் எனக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. என் கையில் தேநீர்க் கிண்ணம். அதைச் சிந்தாமல் வைக்க ஓர் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பி-ஷியாதான் சமையலறையிலிருந்து ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

ஆம்புலன்ஸில் அவனோடு அவள் போனாள். நான் தரையைத் துடைத்துவிட்டு ஒயரைத் திரும்ப மாட்டினேன். உங்கள் ஆட்கள் வந்து மிதித்துப் பார்த்தபோது சக் நின்றது.

இப்போது அவனுக்கு வலது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. கடை மூடிக் கிடக்கிறது. மிதித்தேன், மிதித்தேன் என்று முதலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் நம்பவில்லை. பிரேக்கில் கோளாறே இல்லை என்று நீங்கள் சொன்ன பிறகு அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இடது கையால் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"பதட்டத்துல தரையைத்தான் மிதிச்சிருப்பேன் மாமா. மன்னிச்சிருங்க. உங்க லேத்தையும் பாழாக்கிட்டேன்."

"மாமா அப்பவே சொன்னாரு, கேட்டியாடா நீ?" என்று பி-ஷியா அழுதாள்.

நான் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். இப்படியே விட்டிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை, இனிக் கேட்கப்போவதும் இல்லை.

ஆனால் நேற்று வழக்கை முடிக்க வந்த நீங்கள் இன்னொரு முறை அந்தப் பெடலை மிதித்துப் பார்த்தீர்கள். வாசலில் பாதித் தெரு நின்றது. "பாவம், என்ன அருமையா பண்ணியிருக்காரு தியன். மிதிச்ச நொடியே நிக்குது பாருங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

அதற்காகத்தான் வந்தேன். அவன் ஒயரை வெறுமனே முறுக்கி விட்டிருந்தான், இன்ஸ்பெக்டர். அப்போதெல்லாம் மிதித்த பிறகும் சக் அரைச் சுற்று போய்த்தான் நிற்கும். அன்றைக்குத் தரையைத் துடைத்த பிறகு, நான் உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். நீங்கள் மிதித்துப் பார்த்தது என் கைவேலை. அதை மட்டும் திருத்தி எழுதிவிடுங்கள்.